என் வாசலில் மட்டும் ஆஃப் ஆகிற வேன்

ஜூன் 3

என் அன்பான அக்காவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். நீயும் உன் நல்ல காதும், அந்தப் பொல்லாத இடது காதும் சௌக்கியமா என்று எழுது. போனில் நான் "சாப்பிட்டேன்" என்றால் நீ "யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்கிறாய். நமக்குக் கடிதம்தான் சரி.

நீ அனுப்பிய செருப்பு வந்து சேர்ந்தது. என் கோணல் காலுக்கு இவ்வளவு சரியாக இதுவரை எந்தக் கடையிலும் கிடைத்ததில்லை. உள்பக்கம் மெத்தென்று வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறாய் என்று தொட்டதுமே தெரிந்துவிட்டது. நன்றி என்று எழுதினால் "யாருக்கடி நன்றி சொல்ற?" என்று திட்டுவாய். திட்டினாலும் பரவாயில்லை, நன்றி அக்கா.

வேலையை விட்டுவிட்டு உன் வீட்டுக் கீழ் அறைக்கே வந்துவிடு என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய். அத்தான் போனபிறகு அந்த வீட்டில் நீ தனியாக இருப்பது எனக்குத் தெரியாதா? அதை ஒரு வார்த்தை எழுதாமல், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, இந்தக் காலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்று என்னைத்தான் கேட்கிறாய். போன மாதம் படியில் விழுந்ததை உன்னிடம் உளறியிருக்கக் கூடாது.

விழுந்ததற்குக் காரணம் படியும் இல்லை, காலும் இல்லை. கம்பெனி வேன்தான். பழைய டிரைவர் வாசலில் வந்து நின்றதும் எஞ்சினை ஓடவிட்டு உறுமிக்கொண்டே இருப்பார். நடுவில் ஹாரன் வேறு. மூன்று மாடிக்கும் அந்தச் சத்தம் ஏறி வரும். கீழே எல்லாரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள், டீசல் வீணாகிறது, எல்லாம் என்னால்தான் என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த அவசரத்தில் ஒரு படியை விட்டுவிட்டுக் காலை வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது அவர் இல்லை, புது டிரைவர் வந்திருக்கிறார். வாசலில் நிறுத்தியதும் எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சத்தமும் இருக்காது. முதல் நாள் வேன் வந்ததே எனக்குத் தெரியவில்லை, எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக நிதானமாக இறங்கினேன். நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சாவியைப் போட்டார். வேனில் வரும் பெண்கள் அவருக்கு "சாவி அண்ணன்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வேலை எப்போதும் போலத்தான். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கீறல் பார்க்கிறேன். கண்ணுக்குக் களைப்பு, காலுக்கு ஓய்வு. உன் அறை விஷயத்தை இந்த மாதத்துக்குள் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன்னிடம் வளர்ந்து இன்னும் உன்னிடமே அடம்பிடிக்கும்,
சின்னவள்

ஜூன் 11

அடியே சின்னவளே,

நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன், தெரியும்ல. உன்னை மாதிரி இலக்கணமா எழுதினா எனக்குக் கை வலிக்குது.

செருப்பு பொருந்திச்சுன்னதும் மனசு நிறைஞ்சுபோச்சு. அந்தச் செருப்புக்காரர் கால் அளவு கேட்டார். உன் கால் அளவு எனக்கு மனப்பாடம்டி, கண்ண மூடிக்கிட்டே பேப்பர்ல வரைஞ்சு குடுத்தேன். எந்த இடத்துல எலும்பு துருத்தும்னு கூட புள்ளி வச்சுக் காட்டினேன்.

சரி, அந்த டிரைவர் விஷயத்துக்கு வர்றேன். ஒரு பக்கம் முழுக்க அவர் சாவியப் பத்தி எழுதியிருக்கே. என்னைப் பத்தி நாலு வரி. பரவாயில்ல, நான் மனசுல வச்சுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அது உனக்காக இல்ல, டீசலுக்காக. இப்ப எல்லா கம்பெனியிலயும் அப்படித்தான் சொல்றாங்களாம், நிக்கிற வண்டிய ஆஃப் பண்ணு, எண்ணெய மிச்சம் பிடின்னு. எதிர்வீட்டுக்காரர் பேப்பர் பார்த்துச் சொன்னார். நீ ஏதோ உனக்காக ஊரே மூச்சடக்கி நிக்கிற மாதிரி உருகிக்கிட்டு இருக்கே.

அது உண்மையில மிச்சமான்னே எனக்குச் சந்தேகம். உன் அத்தான் காலம் பூரா கார் ஓட்டினவர். ஸ்டார்ட் பண்ணும்போதுதான் வண்டி மடக்கு மடக்குன்னு குடிக்கும், அதனால ஆஃப் பண்ணவே கூடாதும்பார். மார்க்கெட்டுல நான் காய் வாங்கி முடிக்கிறவரைக்கும் ஓடவிட்டுட்டே நிப்பார். எதிர்வீட்டுக்காரர், அதெல்லாம் அந்தக் காலத்து வண்டிம்மா, இப்ப கொஞ்ச நேரம் நின்னாலே ஆஃப் பண்றதுதான் லாபம்ங்கிறார். உன் அத்தான் இருந்திருந்தா அவர்கிட்ட சண்டைக்குப் போயிருப்பார். இல்லாத மனுஷனுக்கு எதிரா நான் எப்படிப் பேசறது, வாய மூடிக்கிட்டு வந்துட்டேன்.

அறைக்கு வெள்ளையடிச்சாச்சு. ஒரு டீச்சரம்மா வாடகைக்குக் கேட்டு ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டாங்க. என் தங்கச்சி வர்றா, இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். கட்டிலச் சுவத்தோரமா போட்டிருக்கேன், நீ எழுந்திருக்கும்போது கைய ஊணிக்கலாம். படி ஏற வேண்டாம், வேனுக்கு ஓட வேண்டாம். மகாராணி மாதிரி இருக்கலாம். சீக்கிரம் பதில் போடு.

உன் மேல கோபமே வராத (வந்தாலும் காட்டாத),
அக்கா

ஜூன் 20

என் அன்பான அக்காவுக்கு,

நீ சொன்னதுதான் சரி. எப்போதும் நீதான் சரி. அது டீசலுக்காகத்தான்.

கம்பெனி வாசலில் நோட்டீஸே ஒட்டியிருக்கிறார்கள். நான்தான் தலையைக் குனிந்துகொண்டே போகிறவள், பார்க்கவில்லை. வேனில் முன்சீட்டில் ஒரு அம்மா உட்காருவார்கள், அவர்களுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. அவர்களிடம் கேட்டேன். காத்திருக்க வேண்டிய இடத்தில் ஆஃப் செய்ய வேண்டும், ஆள் தயாராக நின்றால் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போய்விடலாம், அதுதான் விதி என்றார்கள். பிறகு என் கையைத் தட்டி, மற்ற எல்லாரும் ரோட்டிலேயே நிற்கிறோம், உன் வாசலில் மட்டும்தான் ஆஃப் ஆகிறது, கவனித்தாயா என்று சிரித்தார்கள்.

அதாவது என்ன அர்த்தம்? இவள் எப்படியும் ஆடி அசைந்துதான் வருவாள் என்று அந்த மனுஷர் முடிவு கட்டிவிட்டார். வந்து நின்றதும் சாவியை உருவுகிறார் என்றால், மேலே பார்க்கக்கூட இல்லை என்றுதானே ஆகிறது. எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. அன்று முதல் சீக்கிரமே எழுந்து, வேன் வருவதற்கு முன்பே கீழே வந்து, வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். வேன் திரும்பியதும் எழுந்து வாசலோரம் நின்றேன். இனி எதற்கு ஆஃப் செய்வார் பார்க்கலாம் என்று.

ஆஃப் செய்தார் அக்கா. நான் கதவுக்கு நேரே நிற்கிறேன், அப்போதும் சாவியை உருவினார். முன்சீட்டு அம்மாவே, ஆள்தான் ஏற நிற்கிறதே, இதற்குப் போய் யாராவது ஆஃப் செய்வார்களா, இது டீசலுக்கு நஷ்டம் என்று சொன்னார்கள். அவர் நான் ஏறும்வரை தெருவையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அதேதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று பெரிய மழை. என் வாசலில் ஆஃப் செய்த வேன் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பத் திருப்ப வெறும் கட்கட் சத்தம் மட்டும் வருகிறது. கடைசியில் பெண்கள் இறங்கி மழையில் தள்ளினார்கள். என்னை மட்டும் உட்காரச் சொல்லிவிட்டார்கள். தள்ளுகிறவர்களுக்கு நடுவில் ஒருத்தி மட்டும் ஜம்மென்று உள்ளே உட்கார்ந்திருப்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று உனக்குப் புரியும். கம்பெனிக்குப் போனால் எல்லாருக்கும் லேட் என்று குறித்துவிட்டார்கள். ஈரத் துணியோடு நின்ற ஒருத்தி, ஒரு ஆளுக்காக இத்தனை பேர் கஷ்டப்பட வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். கெட்டவள் இல்லை, வாய் தவறிச் சொன்னாள். சொன்னது சொன்னதுதான்.

இறங்கும்போது டிரைவரிடம், நாளையிலிருந்து எனக்காக ஆஃப் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

போதும் அக்கா. நான் வந்துவிடுகிறேன். வேலையை விடுவதற்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். இத்தனைக்கும் பிறகு என்னைக் கூப்பிடுவதற்கு ஒரு ஆள் இருக்கிறது என்பதே பெரிய விஷயம். அந்த டீச்சரம்மாவை மறந்துவிடு.

உன்னிடமே வரப்போகும்,
சின்னவள்

ஜூன் 27

என் கண்ணே சின்னவளே,

நீ வர்றேன்னு எழுதினதப் படிச்சதும் எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு, வீட்டுக்கு வந்து உக்காந்து இன்னொரு தடவ படிச்சேன். ரெண்டாவது தடவ படிக்கும்போதுதான் என்னமோ இடிச்சுது. அப்புறம் மொதல் கடிதத்தையும் எடுத்து வச்சுக்கிட்டுப் படிச்சேன்.

வேன்ல இருக்கிற எல்லாப் பொம்பளைங்களும் அவர "சாவி அண்ணன்"னு கூப்பிடுறாங்கன்னு நீதான் எழுதியிருக்கே. நீ மட்டும் ரெண்டு கடிதத்துலயும் ஒரு இடத்துலயாவது அண்ணன்னு எழுதியிருக்கியா பாரு. டிரைவர்ங்கிற, அவர்ங்கிற, அந்த மனுஷர்ங்கிற. பால்காரர், மளிகைக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், யாரா இருந்தாலும் வாய் நிறைய அண்ணா, அண்ணான்னு கூப்பிடுறவ நீ. இவர மட்டும் ஏண்டி கூப்பிட வரல?

எனக்குக் காதுதான் மந்தம், கண்ணு நல்லாத்தான் இருக்கு.

நான் கிண்டல் பண்ணல. நீ இத்தன வயசுக்கு ஒரு ஆளப் பத்தி எனக்குக் கோபமா எழுதினதே இல்ல. உன்னப் பொண்ணு பார்த்துட்டுக் கால்னு சொல்லிட்டு எழுந்து போனவங்களப் பத்திக்கூட, அவங்க நல்லா இருக்கட்டும் அக்கான்னுதான் சொன்னே. இப்ப ஒரு மனுஷன் வண்டிய ஆஃப் பண்றதுக்கு இவ்வளவு கோபப்படுறே.

வர்றதுன்னா என்கிட்ட வா. கட்டில் போட்டது போட்டபடி இருக்கு. ஆனா அந்த வேன்கிட்டேயிருந்து தப்பிச்சு ஓடி வர்றதுன்னா வராதே. எழுதிக் குடுத்துட்டியா? குடுக்கலன்னா ஒரு வாரம் பொறு. அவர் எதுக்கு ஆஃப் பண்றார்னு நேராக் கேட்டுட்டு எனக்கு எழுது.

காத்திருக்கும்,
அக்கா

ஜூலை 6

என் அன்பான அக்காவுக்கு,

எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிய தாள் பையிலேயே இருந்தது. நீ பொறு என்றாய், பொறுத்தேன்.

மழைக்கு மறுநாள் வேறு வேன் வந்தது, வேறு ஆள். அடுத்த நாளும் அப்படியே. நான் சொன்ன சொல்லால்தான் வராமல் போய்விட்டாரோ என்று பயந்துபோனேன். முன்சீட்டு அம்மாதான் சொன்னார்கள், வேனை மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறாராம், ஸ்டார்ட்டரைச் சரிசெய்யும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம். பிறகு வந்தார். என் வாசலில் நிறுத்தினார். அக்கா, மறுபடியும் சாவியை உருவினார். அவ்வளவு சொல்லியும்.

அன்று கேட்க முடியவில்லை. வேன் நிறைய ஆள். உன் கடிதம் வந்தபிறகு ஒரு சாயங்காலம் கேட்டேன். திரும்பும்போது கடைசியாக இறங்குகிறவள் நான்தான். வாசலில் ஆஃப் செய்தார். நான் இறங்காமல் உட்கார்ந்தபடியே, ஆஃப் செய்ய வேண்டாம் என்று சொன்னேனே, அந்த நோட்டீஸுக்குப் பயந்தா செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் சீட்டில் பாதி திரும்பினார். அதிகம் பேசாத ஆள். நோட்டீஸ் நல்ல விஷயம்தான், ரயில்வே கேட்டிலும் கம்பெனி வாசலிலும் அதற்காகத்தான் ஆஃப் செய்கிறேன், சும்மா நிற்கிற வண்டி எதற்குக் குடிக்க வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் முன்கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துச் சொன்னார்.

"எஞ்சின் ஓடும்போது வேன் படி நடுங்குதுங்க. நீங்க நல்ல கால முதல்ல வச்சு, கம்பியப் பிடிச்சுக்கிட்டு, அந்தக் காலத் தூக்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அப்படியே நிக்கிறீங்க. நடுங்குற படியில உங்கள நிக்க வைக்க எனக்கு மனசு வரல."

அக்கா, எனக்கே தெரியாது. இத்தனை வருஷமாக அந்தப் படியில் ஏறுகிறேன். படி நடுங்குகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான்தான் நடுங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அழுதுவிட்டேன். மறைக்க முடியவில்லை. அவர் பதறிப்போய், தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அதன் பிறகு அவர் கேட்டதை எழுத எனக்குக் கை கூசுகிறது. உன்னிடம் மறைத்துப் பழக்கமில்லை, எழுதுகிறேன்.

"ஒண்ணு கேட்கலாமா? வேன்ல எல்லாரும் என்னை அண்ணன்னு கூப்பிடுறாங்க. நீங்க மட்டும் கூப்பிடறதில்ல. அதுக்குக் காரணம் ஏதாவது இருக்கா?"

நீயும் அவரும் பேசி வைத்துக்கொண்டு கேட்டீர்களா? நான் பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன். இரண்டு மாடி ஏறினேன். அங்கே நின்று யோசித்தேன். வேன் கிளம்பும் சத்தம் கேட்கவே இல்லை. மறுபடி இரண்டு மாடி இறங்கினேன். என் வாழ்க்கையில் பாதி ஏறின மாடியை நான் திரும்ப இறங்கினதே கிடையாது. ஜன்னல் பக்கம் போய், "காரணம் இருக்கு" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் மனைவி காலமாகிப் பல வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை. என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பமா என்று மறுநாள் நேராகவே கேட்டார். அக்காவைக் கேட்டுத்தான் சொல்வேன் என்றேன். கேளுங்கள், எவ்வளவு நாளானாலும் சரி என்றார்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. அம்மா போனபோது உனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். இவள் கால் சரியாகட்டும் என்று தள்ளிவைத்தாய். கட்டுப்போட்ட காலோடு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தாய். பள்ளிக்கூடத்தில் என்னை நொண்டி என்று சொன்னவளின் வீட்டு வாசலில் போய் நின்று நீ போட்ட சண்டை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் சாப்பிட்டது, படித்தது, நடந்தது எல்லாம் உன்னால். இன்று நீ அந்த வீட்டில் தனியாக இருக்கிறாய். காலிங்பெல் அடித்தால்கூட உனக்குக் கேட்பதில்லை. எனக்குத் தெரியும்.

நீ வா என்றால் நான் வருகிறேன். மனசார வருகிறேன், ஒரு குறையும் வைத்துக்கொள்ள மாட்டேன். அவரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். நீ என்ன எழுதுகிறாயோ அதுதான்.

உன் கையால் நடக்கப் பழகிய,
சின்னவள்

ஜூலை 15

சின்னவளே,

உன் கடிதம் வந்து நாலஞ்சு நாளாச்சு. உடனே பதில் எழுதலன்னு பயந்திருப்பே. எழுத உக்காந்தா ஒவ்வொரு தடவையும் "வந்துடு"ன்னுதான் கை எழுதுது. கிழிச்சுக் கிழிச்சுப் போட்டேன். இது நாலாவது தாள்.

உண்மையச் சொல்லிடுறேன். உன் காலுக்காக உன்னக் கூப்பிடலடி. உன் காலுக்கு ஒண்ணும் இல்ல, அது இத்தன வருஷமா மூணு மாடி ஏறி இறங்குது. நான் கூப்பிட்டது எனக்காக. உன் அத்தான் போனதுக்கப்புறம் இந்த வீட்டுல யார் வந்தாலும் போனாலும் எனக்குத் தெரியறதில்ல. தபால்காரர் பெல் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டுப் போயிடுறார். சாயங்காலமானா பயமா இருக்கு. அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் உன் கால் மேல போட்டேன்.

நீ மனசார வருவேன்னு எனக்குத் தெரியும். ஒரு குறையும் வச்சுக்க மாட்டே, அதுவும் தெரியும். அதனாலதான் கூப்பிட மாட்டேன். உன்னத் தூக்கி வளர்த்தது எனக்குத் துணைக்கு வச்சுக்கிறதுக்கு இல்ல. அப்படி ஒரு நாளும் நான் நினைக்கல, இனியும் நினைக்க மாட்டேன். நீ என்கிட்ட எதுக்கும் கடன்படல. நான்தான் சந்தோஷமா வளர்த்தேன். உன்ன இடுப்புல வச்சிருந்த நாள்தான் என் வாழ்க்கையில நான் ரொம்பப் பெரிய ஆளா இருந்த நாள்.

அவருக்கு என் நன்றியச் சொல்லு. கூடப்பிறந்தவ நானே அந்தப் படிய இத்தன நாளாப் பார்க்கல. உன் வேன்ல நானும் ஒரு தடவ ஏறியிருக்கேன், உன்னக் கையப் பிடிச்சு ஏத்திவிட்டேன், படி நடுங்குறது எனக்கும் தெரியல. ஒருத்தர் பார்த்திருக்கார். நீ விழாம இருக்கறதுக்கு என்ன செய்யணும்னு நெனச்சு, யார்கிட்டயும் சொல்லாம செஞ்சிருக்கார். எனக்கு அது போதும். பொண்ணு பார்க்க வர்றதெல்லாம் வேண்டாம்னு சொல்லு, தேதியக் குறிச்சுட்டு எழுதச் சொல்லு. நான் வர்றேன்.

நேத்து அந்த டீச்சரம்மாவக் கூப்பிட்டு அறையக் குடுத்துட்டேன். நல்ல மாதிரி. கட்டில அவங்க ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. வந்த அன்னைக்கே எலெக்ட்ரீஷியனக் கூட்டிட்டு வந்து, பெல் அடிச்சா கூடத்துல ஒரு பல்பு எரியிற மாதிரி செஞ்சு குடுத்துட்டாங்க. இன்னைக்குக் காலையில பல்பு எரிஞ்சுது, ஓடிப்போய்க் கதவத் திறந்தேன், பேப்பர்காரர். என்னம்மா, இத்தன நாளா ஊர்ல இல்லையான்னு கேட்டார்.

இனிமே இந்த வீட்டுல உனக்கு அறை இல்ல. வந்தா ரெண்டு பேரா வரணும், கூடத்துலதான் படுக்கணும்.

உன் அக்கா